ஒரு பக்கம் கரை

மலைச்சாமி யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு" என்று சொன்னபோது, "அது என் இடுப்புதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர். மூலையில் எழுதியிருந்த பேரை மனைவி வெள்ளத்தாய் படித்துக் காட்டிய பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்தது சித்திரை மாதம். மூன்று மாதத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இராஜபாளையத்து வீட்டின் முன்னறையில் இரும்புக் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். மகன் வேல்பாண்டி பட்டாளத்தில் இருந்தான். வீட்டில் வெள்ளத்தாயும் மருமகள் ஈஸ்வரியும்தான்.

கிடந்த இடத்திலிருந்து அவர் எல்லாவற்றையும் ரிஜெக்ட் செய்தார். அது பழைய தொழில் வழக்கம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். முதல் பன்னிரண்டு வருஷம் தறி, மிச்சம் இருபத்தாறும் செக்கிங். தறியிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழை விட்டிருக்கிறதா, கரை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்பதால் எழுத வராது. அவர் சொல்லச் சொல்லக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். "பீஸ் ஒண்ணு. கரை ரெண்டு பக்கம். இழை சரி. பாஸ்." அல்லது, "ரிஜெக்ட்." அவர் ரிஜெக்ட் சொன்ன பீஸ் முதலாளியே வந்து கேட்டாலும் லாரி ஏறாது.

இப்போது குழம்பு ரிஜெக்ட், ஃபேன் காற்று ரிஜெக்ட், பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ரிஜெக்ட். வெள்ளத்தாய்க்குத் தலை சுற்றியது.

"ஏட்டி ஈஸ்வரி, இந்த மனுசன் வாயை அடைக்க ஒரு வழி பண்ணு. இல்லன்னா நான் சேத்தூருக்கு எங்க சித்தி வீட்டுக்குப் போயிருவேன்."

ஈஸ்வரி அதே யூனிட்டில், காயத்துக்கு வைக்கிற காஸ் துணி பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அதனால் காதில் எதையாவது மாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னுடைய பழைய போனைக் கொண்டுவந்து மாமனாரின் தலைமாட்டில் வைத்தாள்.

"மியூசியம் மாமா. ஒரு பொண்ணு உள்ள கூட்டிட்டுப் போயி, இருக்கிறத ஒவ்வொண்ணாச் சொல்லும். பாட்காஸ்ட்டுன்னு சொல்லுவாக. பொண்ணு பேரு ஹம்ஸா. அங்கதான் வேலை பாக்குது. தமிழ்லதான் பேசும்."

"எந்த ஊரு மியூசியம்?"

ஈஸ்வரி சொன்னாள். அந்தப் பேர் அவர் வாய்க்குள் நுழையவில்லை.

"சரி, தூரமாத்தான் இருக்கு. இந்தப் போனு என்னையப் பாக்குமா?"

"பாக்காது மாமா."

"அத நீ சொல்லுத. போனு சொல்லுமா?"

போனை வாங்கி, தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் சொம்பைக் காலி செய்து, அதற்குள் தலைகீழாக விட்டார். இனி அது சொம்பைத்தான் பார்க்க முடியும். ஆனால் சொம்புக்குள் போனதும் குரல் இரண்டு மடங்கானது. "கண்ணை மூடிக்கோங்க. கையை நீட்டுங்க. இப்போ உங்க விரலுக்கு முன்னால ஒரு வாள் இருக்கு" என்று முன்னறை முழுக்க ஒரு பெண் பேசினாள்.

"இது ராஜாவோட வாள்" என்றாள்.

"யாரு சொன்னா? ராசாவா வந்து குடுத்துட்டுப் போனாரு?" என்று சொம்பைப் பார்த்துக் கேட்டார் மலைச்சாமி.

"உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க, நான் கேக்கேன்" என்று வெள்ளத்தாய் வெங்காயத்தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு வாரத்தில் கதை மாறிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரே சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தார். ஒரு நாளைக்கு ஓர் அறை. அகல்விளக்கு அறை, நாணய அறை, முழுக்கப்பல் ஒன்று நிற்கிற கூடம். மியூசியத்துக்கு வர முடியாதவர்களுக்காகத்தான் ஹம்ஸா பேசினாள் என்பதால் எதையும் அழகு என்று சொல்லிவிட்டு ஓடமாட்டாள். எத்தனை விரற்கடை அகலம், தொட்டால் சொரசொரப்பா வழவழப்பா, எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று அத்தனையும் சொல்வாள். அது மலைச்சாமிக்குப் பிடித்தது. பொருளைப் பற்றிப் பேசத் தெரிந்த பெண். நல்ல செக்கிங் ஆகியிருப்பாள்.

"டிக்கெட் கெடையாது, செருப்பக் கழட்ட வேண்டாம், காலே வேண்டாம். இந்த வயசுல எனக்கு வாய்ச்சதுல இது ஒண்ணுதான் உருப்படி" என்று ஒருநாள் சொன்னார். வெள்ளத்தாய் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் எதையும் உருப்படி என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ் ஏறி வருவார் தவசிமுத்து, வெள்ளத்தாயின் அண்ணன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்கத்தா, டெல்லி, ஹைதராபாத் என்று ஊர் ஊராக இருந்தவர், போன ஊரிலெல்லாம் மியூசியம் பார்த்தவர். வரும்போது கால் கிலோ பால்கோவா வாங்கி வருவார். மலைச்சாமிக்குச் சர்க்கரை என்பதால் அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து முழுக்கத் தின்றுவிட்டுப் போவார்.

ஆடிப்பூரத் தேரன்று சொந்தபந்தம் முழுக்கத் தவசிமுத்து வீட்டில்தான் சாப்பாடு. நாற்பது பேருக்குக் குறையாது. நடுவில் கைவைத்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தான் பார்த்த மியூசியங்களை அளப்பார். கடைசியில் வருஷம் தவறாமல் ஒரு வரி வரும். "நம்ம மாப்ளையும் ஊரு சுத்துனவர்தான். சத்திரப்பட்டி வரைக்கும் போயிருக்காரு." கூட்டம் சிரிக்கும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மலைச்சாமியும் சிரிப்பார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. தவசிமுத்து பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சொம்புக்குள்ளிருந்து ஹம்ஸா, எகிப்து தேசத்தில் சின்ன வயதில் செத்துப்போன ஒரு பெண்ணின் உடம்பில் சுற்றியிருந்த துணியைப் பற்றிச் சொன்னாள்.

"ஒரு பெட்டியில பன்னிரண்டு துண்டு இருக்கு. நான் ஒண்ணைப் பத்திச் சொல்றேன். ஒரு சாண் அகலம், நாலு முழம் நீளம். ஒரு ஓரம் வேட்டிக் கரை மாதிரி கெட்டியா இருக்கு. இன்னொரு ஓரத்துல இழையெல்லாம் குஞ்சம் மாதிரி தொங்குது. அந்த ஓரத்துல ஓர் இடத்துல இழை ஓட்டித் தைச்சிருக்காங்க. இது ஒரு ராஜகுமாரிக்காகவே சின்னத் தறியில, ஒரு சாண் அகலத்துக்கு, அலங்காரக் குஞ்சம் வெச்சு நெய்த துணி."

"ரிஜெக்ட்" என்றார் மலைச்சாமி.

"என்ன மாப்ள ரிஜெக்ட்?"

"அந்தப் புள்ள தப்பாச் சொல்லுது. அதுக்கு எவனோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கான். சின்னத் தறியில நெய்ஞ்சா ரெண்டு ஓரமும் கரை இருக்கணும் மச்சான். ஊடை இழை அந்த ஓரம் போயித் திரும்புது, இந்த ஓரம் வந்து திரும்புது. திரும்புற எடந்தான் கரை. ஒரு பக்கம் கரை, மறுபக்கம் இழை தொங்குதுன்னா, அது அகலத் துணியில இருந்து கிழிச்ச துண்டு. குஞ்சமுமில்ல, கிஞ்சமுமில்ல."

"கிழிச்ச துணியப் போயி ராசகுமாரிக்குச் சுத்துவானா?"

"இழை ஓட்டித் தச்ச துணியச் சுத்தியிருக்கான்லா? புதுசா நெய்ஞ்ச துணிக்கு எவன் தையல் போடுவான்? அது வீட்டுல கெடந்த பழைய துணி."

தவசிமுத்துவுக்குச் சிரித்ததில் பால்கோவா தொண்டையில் சிக்கிக்கொண்டது. வெள்ளத்தாய் தண்ணீர் கொடுத்தாள்.

"மூணாங்கிளாசு மாப்ள, மூணாங்கிளாசு. படிச்சவன் நாலு பேரு கண்ணாடி போட்டு உக்காந்து பாத்து எழுதி வச்சிருக்கான். நீரு கட்டில்ல படுத்துக்கிட்டு, துணியக் கண்ணால கூடப் பாக்காம, சொம்புக்குள்ள கேட்டுட்டு ரிஜெக்ட்ங்கீரு."

"கண்ணால பாத்தவனுக்குத் தெரியலன்னா நான் என்ன செய்ய?"

"சரி, ஒரு பேச்சு. ஆடிப்பூரத்துக்குள்ள அந்த மியூசியம், நீரு சொன்னதுதான் சரின்னு சொல்லட்டும். அம்புட்டுச் சனத்துக்கு முன்னால நான் எந்திரிச்சு நின்னு, 'எனக்கு ஒண்ணும் தெரியாது, மாப்ளைக்குத்தான் தெரியும்'னு சொல்லுதேன். சொல்லலன்னா நீரு எந்திரிச்சு நின்னு, 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லணும். சம்மதமா?"

"அண்ணே, சும்மா இரு. ஏற்கெனவே இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு அவருக்கு" என்றாள் வெள்ளத்தாய்.

"சம்மதம்" என்றார் மலைச்சாமி.

தவசிமுத்துவுக்கு அது விளையாட்டு. மலைச்சாமிக்கு அப்படி இல்லை. அவரிடம் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. துணியைப் பற்றி அவர் சொன்னால் அது நிற்கும் என்ற ஒன்றுதான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் பாஸ் செய்த ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. அதுவும் போய்விட்டால் கட்டிலில் கிடக்கிற உடம்பு மட்டும்தான் மிச்சம்.

அன்று சாயங்காலமே ஈஸ்வரி மியூசியத்துக்கு வாய்ஸ் அனுப்பப் போனை நீட்டினாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பீஸ் ஒண்ணு. கரை ஒரு பக்கம். மறுபக்கம் கிழிசல். தையல் இருக்கு. பழைய துணி. ராசகுமாரிக்கு நெய்ஞ்சதுன்னு சொன்னது ரிஜெக்ட். செக்கிங், மலைச்சாமி."

"மாமா, ஒரு வணக்கமாச்சும் சொல்லியிருக்கலாம்."

"ரிப்போர்ட்டுல எதுக்கு வணக்கம்?"

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஹம்ஸாவின் அதே குரல், மரியாதையாக. "ஐயா, நீங்க கேக்கறதுல ரொம்பச் சந்தோஷம். அந்தக் குறிப்பு நூறு வருஷத்துக்கு முன்னாடி பெரிய அறிஞர்கள் எழுதினது. நான் அதைத்தான் சொன்னேன். தொடர்ந்து கேளுங்க."

"நூறு வருசமாச் சொன்னா தப்பு சரியாயிருமா?" என்று கேட்டார் மலைச்சாமி. ஆனால் குரலில் வேகம் இல்லை.

தவசிமுத்து சும்மா இருக்கிற ஆளா? சேத்தூர், கிருஷ்ணன்கோவில் என்று சொந்தக்காரர் இருக்கிற ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "சித்தப்பா, வெளிநாட்டு மியூசியத்தோட சண்டையாம்ல?" என்று விசாரிப்புகள் வந்தன. மலைச்சாமி போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ஒரு வாரம் சொம்பில் தண்ணீர்தான் இருந்தது.

ஆனால் மனசுக்குள் அந்தத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தார். எங்கே பிசகினோம் என்று ஒருநாள் விடிகாலையில் பிடிபட்டது. யூனிட்டுக்குள் ரிப்போர்ட் போதும்; கரை என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். வெளியூர் வியாபாரி வந்து சண்டை போட்டால் ரிப்போர்ட்டையா நீட்டினார்? துணியை அவன் கண் முன்னால் கிழித்தல்லவா காட்டினார். வெளி ஆளுக்குச் சாம்பிள் காட்ட வேண்டும். சாம்பிள் காட்டாமல் ரிப்போர்ட் மட்டும் அனுப்பியது அவருடைய தப்பு.

"ஈஸ்வரி, யூனிட்டுல கோராத் துணி கேட்டு வாங்கிட்டு வா. சலவைக்குப் போகாதது, ரெண்டு பக்கமும் கரை உள்ளது. ஒரு மீட்டர் போதும்."

அன்று மாலை முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தார். போனைச் சொம்புக்குள் போடாமல் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"தாயி, வணக்கம். நான் மலைச்சாமி. போன தடவ ரிப்போர்ட் மட்டும் அனுப்பிட்டேன், அது எம் பெசகு. எனக்கு அங்க வந்து காட்ட வழியில்ல. நீ எனக்குக் காதாலயே அம்புட்டையும் காட்டுன. இப்ப நான் காட்டுதேன், கேளு."

துணியின் ஓரத்தில் பல்லால் ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சர்ரென்று ஒரே நீளமாகக் கிழிந்தது.

"கேட்டியா? இழையோட போனா கோணாது, ஒரே மூச்சுல ஓடும். இந்தத் துணிக்கு ரெண்டே கரை. இத ஆறாக் கிழிக்கேன்." மறுபடியும் நான்கு தடவை அந்தச் சத்தம். "இப்பப் பாரு. ஓரத்துத் துண்டு ரெண்டுக்கு மட்டும் ஒரு பக்கம் கரை இருக்கு. நடுவுல உள்ள நாலுக்கும் கரையே இல்ல. உன் பெட்டியில பன்னெண்டு துண்டு கெடக்குன்னு சொன்ன. அம்புட்டையும் எடுத்துப் பாரு. ஒரே துணியா இருந்தா ரெண்டுக்குத்தான் கரை இருக்கும், பத்துக்கு இருக்காது. பொறவு அந்தத் தையல். கிழிசல் ஓரத்துல தையல் அறுந்து நிக்கும், அதோட மிச்சம் அடுத்த துண்டுல இருக்கும். இல்லன்னா, இருவத்தாறு வருசமா நான் பாஸ் பண்ணுன துணி பூராவும் தப்புன்னு வச்சுக்கோ."

வெள்ளத்தாய் கிழிந்த துண்டுகளை மடித்து எடுத்து வைத்தாள். 

ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, பதில் இல்லை. ஆடி பிறந்தது. பிடித்து நடக்க டாக்டர் ஒரு வாக்கரைக் கொடுத்தார். கட்டிலிலிருந்து வாசல் வரை அகல்விளக்கு அறை, வாசலிலிருந்து அடுப்படி வரை நாணய அறை என்று கணக்கு வைத்து நடந்தார். கொல்லைப்புறம் கப்பல் கூடம். அங்கே போய்த் திரும்பி வந்த அன்று, தேருக்கு வருவேன் என்று சொன்னார்.

"பதிலே வரல. போயி என்ன சொல்லப் போறீய?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"வரலன்னா எந்திரிச்சு நின்னு தெரியாதுன்னு சொல்லிட்டு வாரேன். பேச்சுன்னா பேச்சுதான்."

தேருக்கு இரண்டு நாள் முன்னால் ஈஸ்வரியின் போனில் ஒரு செய்தி வந்தது. 'ஐயாவுக்கான பதில் அடுத்த பகுதியில் வருகிறது. தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்.' அந்தப் பகுதி வெளியாவது தேரன்று மாலை நான்கு மணிக்கு.

"பதில்னா எது? பாஸா, ரிஜெக்டா?" என்று கேட்டார் மலைச்சாமி. ஈஸ்வரிக்கும் தெரியவில்லை. தான் சொன்னதை மரியாதையாகப் புதைக்கப் போகிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியது.

தேரன்று ஆட்டோ ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. கூட்டத்தில் இறங்கி, வாக்கரை அடிமேல் அடியாக வைத்து, இரண்டு தெரு நடந்தார். தவசிமுத்து வீட்டுக்குள் நுழைந்தபோது பந்தி முடிந்து, கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நடுவில் கைவைத்த நாற்காலியில் தவசிமுத்து.

"வாரும் மாப்ள. என்ன சொல்லுச்சு உம்ம மியூசியம்?"

"நாலு மணிக்குச் சொல்லும்."

"சொல்லலன்னா எந்திரிச்சு நிக்கணும், தெரியும்லா?"

"நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

தவசிமுத்துவின் மனைவி சுடலையம்மாளிடம் ஒரு சொம்பு கேட்டார். அவள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சாம்பார் வாளியைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இம்புட்டுப் பேருக்குச் சொம்பு காணாது அண்ணே." நான்கு மணிக்கு ஈஸ்வரி போனைத் தட்டி வாளிக்குள் வைத்தாள்.

முதலில் பேச்சு வரவில்லை. சர்ரென்று ஒரு சத்தம் வாளியிலிருந்து எழுந்து கூடத்தைக் கிழித்தது.

"கோராத் துணி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அவளும் யூனிட்டில் வேலை பார்த்தவள்.

பிறகு மலைச்சாமியின் குரல். தாயி, வணக்கம், என்று தொடங்கி, பாஸ் பண்ணுன துணி பூராவும் தப்புன்னு வச்சுக்கோ என்பது வரைக்கும், ஒரு சொல் விடாமல். தன் குரலைத் தானே கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்து ஹம்ஸா பேசினாள்.

"இதை எங்க துணிப் பிரிவுத் தலைவிகிட்ட போட்டுக் காட்டினேன். அவங்களுக்குத் தமிழ் தெரியாது. கிழிக்கிற சத்தத்தைக் கேட்டதுமே எழுந்துட்டாங்க. ஐயா சொன்னதை நான் மொழிபெயர்த்து முடிக்கிறதுக்குள்ள பெட்டிச் சாவியை எடுத்துட்டாங்க. பன்னிரண்டு துண்டையும் மேசையில வெச்சுப் பார்த்தோம். கரை இருந்தது ரெண்டுக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரே பக்கம். மீதிப் பத்துலயும் இல்லை."

 வெளியே தெருவில் பீப்பி ஊதிக்கொண்டு போனது யாரோ ஒரு குழந்தை.

"அறுந்து நின்ன தையலோட மிச்சத்தைத் தேடினோம். ஏழாவது துண்டுல இருந்தது. ரெண்டையும் பக்கத்துல வெச்சதும் ஊசி போன வழி சேர்ந்துடுச்சு. எல்லாத்தையும் வரிசையா வெச்சப்போ அது ஒரே துணி. படுக்கை விரிப்பு. ரொம்ப நாள் புழங்கின துணி. ராஜகுமாரிக்குன்னு நெய்ததில்லை. நூறு வருஷக் குறிப்பைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தாச்சு. புதுக் குறிப்போட கடைசி வரியில, 'கண்டு சொன்னவர்: மலைச்சாமி, செக்கிங், இராஜபாளையம்'னு இருக்கும். ஐயா, பழைய குறிப்பு ரிஜெக்ட்."

வெள்ளத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வீட்டுல இருந்த நல்ல விரிப்ப எடுத்துக் கிழிச்சுச் சுத்தியிருக்கா. பெத்தவளா இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் எல்லாரும் அந்த முகம் தெரியாத தாயை நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கூடம் வெடித்தது. கைதட்டினார்கள். சேத்தூர்க்காரர்கள் விசிலே அடித்தார்கள். சத்தம் அடங்கியதும் நாற்பது முகமும் நாற்காலிப் பக்கம் திரும்பியது.

தவசிமுத்து எழுந்தார். பட்டாளத்துக்காரர், பேச்சு மாறவில்லை. குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. மாப்ளைக்குத்தான் தெரியும்."

"பாஸ்" என்றார் மலைச்சாமி.

சிரிப்பு ஓய்வதற்குள் தவசிமுத்து மெதுவாகச் சொன்னார், "கல்கத்தாவுல நானும் அந்த மாதிரி ஒரு மம்மியப் பாத்திருக்கேன் மாப்ள. கிட்டத்துல நின்னு பாத்தேன்."

"கரை எத்தன பக்கம் இருந்துச்சு?"

"அத எங்க பாத்தேன்."

"அப்ப ஒரு தடவ போயிப் பாத்துட்டு வாங்க மச்சான். முடியலன்னா நம்ம வீட்டுக்கு வாங்க, சொம்பு இருக்கு."

இந்தத் தடவை தவசிமுத்துதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைவைத்த நாற்காலியைத் தோள்துண்டால் தட்டி, மலைச்சாமியின் பக்கம் நகர்த்திப் போட்டார். சுடலையம்மாள் ஒரு விரற்கடை பால்கோவாவை இலையில் வைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளத்தாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மலைச்சாமி வாக்கரைச் சுவரில் சாய்த்தார். நாற்காலியின் நாலு காலையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.